கொலுவுக்கு வந்த கிரேக்கர்கள்

"நாள் முழுக்க வீட்டுல உக்காந்துண்டு நீ என்னதான் பண்றே, தென்றல்?"

நாகலக்ஷ்மி ஆன்ட்டி இதைக் கேட்டது எங்கள் அபார்ட்மெண்ட் லாண்டரி ரூமில். டிரையர் சத்தத்தை மீறிக் கேட்டதால் துணி மடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சும்மாதான் இருக்கேன், ஆன்ட்டி."

அது பொய். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொரு நோட்டுகள், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில்.

பதினாறு வயது முடிந்த மறுவாரமே நான் பள்ளியை விட்டவள். எழுந்து பேச வேண்டிய நாட்களில் எனக்கு வாய் திறக்காது. மூன்று முறை வகுப்பின் முன்னால் நின்று, ஒரு சொல்லும் வராமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாலாவது முறைக்கு நான் போகவே இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு, அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷனில் எனக்கு மிஞ்சியது நூலகம்தான். அங்கே கிரேக்க தெய்வங்களைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. இடி எறிகிறவர், கடலை ஆள்கிறவர் எல்லாம் என்னை அதிகம் இழுக்கவில்லை. வெறும் ஒரு குணமாகவே இருக்கும் தெய்வங்களைத்தான் பிடித்தது. வெற்றி ஒரு பெண், சண்டை ஒரு பெண், மறதி ஒரு பெண். நம் வீடுகளில் தூங்குமூஞ்சிப் பெண்ணை மூதேவி என்று திட்டுவார்களே, அதற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை. அவர்களை எங்கள் அபார்ட்மெண்டில் குடிவைத்து எழுதினேன். சண்டை சனிக்கிழமை விருந்துகளுக்கு வந்து, யார் பிள்ளைக்கு எவ்வளவு மார்க் என்று விசாரிப்பாள்.

இந்தக் கதைகளைக் கேட்ட ஒரே ஆள் விஷாகா. நாகலக்ஷ்மி ஆன்ட்டியின் மகள், ஆறாம் வகுப்பு. ஆன்ட்டி பார்சிப்பனி ஆபீஸிலிருந்து வரும்வரை எங்கள் வீட்டில் இருப்பாள். நான் தமிழில் சொல்வேன், அவள் இங்கிலீஷில் கேள்வி கேட்பாள்.

அந்த செப்டம்பரில் நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும். விண்ணப்பித்தவர்கள் ஒரு வியாழக்கிழமை மாலை பிள்ளைகள் முன்னால் பத்து நிமிடம் சொல்லிக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தை எழுதி முடித்து மூன்று வாரமாக நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். உலகத்தில் வேறு எந்த வேலையையும் நான் அப்படி விரும்பியதில்லை. ஆனால் பத்து நிமிடம்! என்னால் பத்து நொடி நிற்க முடியாது. கொடுக்கக் கடைசி நாள் அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிறுதான் ஆன்ட்டி வீட்டுக் கொலு. ஆன்ட்டியின் கணவர் சிவராமகிருஷ்ணன் அங்கிள் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை ஏழு படியாக அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். பெட்டிகளின் பக்கவாட்டில் 'ஒய்டூகே' என்று எழுதியிருந்தது; அந்த வருஷம் எல்லா ஆபீஸிலும் அந்தக் கம்ப்யூட்டர் வேலைதான். கடைசிப் படியை விஷாகாவின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு ஆன்ட்டி சமையலறைக்குள் போய்விட்டார். பார்பியை வைப்பாள், லெகோ வைப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவள் வைத்தது பள்ளியில் 'கிரேக்க நாள்' முடிந்து வீட்டுக்கு வந்திருந்த ஆறு களிமண் பொம்மைகளை. என்னைக் கேட்டுக் கேட்டு அவளே செய்தவை.

இருபது பெண்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பாடச் சொன்னார்கள். என் முறை வந்தபோது அம்மா, "ரெண்டு வரி பாடு கண்ணு," என்று கெஞ்சினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு சாந்தி ஆன்ட்டி குங்குமத் தட்டோடு கடைசிப் படியருகே குனிந்தார்.

"ஐயோ, இந்த அம்மன் பொட்டில்லாம இருக்காளே!" ரெக்கை வைத்த பொம்மையின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நாகு, இது எந்த ஊர் அம்மன்? ரெக்கையெல்லாம் இருக்கே!"

கரண்டியோடு வந்து பார்த்த நாகலக்ஷ்மி ஆன்ட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "விஷாகா! ஸ்கூல் ப்ராஜெக்டையா இங்க வெச்சே? எடு எல்லாத்தையும்!"

"கலசம் வெச்சாச்சே நாகு," என்றார் சாந்தி ஆன்ட்டி. "படியில ஏறின பொம்மைய விஜயதசமி வரைக்கும் எறக்கப்படாது."

"யூ செட் மை சாய்ஸ், அம்மா. தே ஆர் காடஸஸ்! தென்றல் அக்கா நோஸ் ஆல் ஆஃப் தெம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓஹோ, இது உன் வேலையா?" என்றார் நாகலக்ஷ்மி ஆன்ட்டி. "ஸ்கூல்லயும் வாயத் திறக்கலே, பாடச் சொன்னாலும் திறக்கலே. இப்பவாவது சொல்லு, யார் இவாளெல்லாம்? சொல்லலேன்னா கலசமாவது ஒண்ணாவது, அத்தனையும் பால்கனிக்குப் போயிடும்."

விஷாகா என் கையைப் பிடித்து இழுத்தாள். இங்கே முடியாவிட்டால் நாளைக்கு அந்த விண்ணப்பத்தைக் கிழித்துவிட வேண்டியதுதான் என்று தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். பொம்மைகளின் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. ஆட்களைப் பார்க்காமல் அவர்களையே பார்த்தேன்.

"இவ நைக்கி," என்றேன். "வெற்றி."

"அது ஷூ பேராச்சேடி!" யாரோ சிரித்தார்கள்.

"ஷூவுக்கு முன்னாலயே இவ இருக்கா ஆன்ட்டி. ஜெயிச்சவங்க தலைக்கு மாலை கொண்டுட்டுப் பறந்து வருவா. இது எரிஸ், சண்டை. ஒரு கல்யாணத்துக்கு இவள மட்டும் அழைக்கல. அழைக்காமலே வந்து ஒரு தங்க ஆப்பிளப் போட்டா. 'யாரு அழகோ அவளுக்கு'ன்னு அதுல எழுதியிருந்துது."

"அப்புறம்?"

"மூணு தேவிங்க எனக்கு எனக்குன்னு நின்னாங்க. அது யுத்தமாகி ஊரே எரிஞ்சுது."

"எங்க நாத்தனார்தான் அது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்மேல் விழவில்லை, என்னோடு சேர்ந்து வந்தது.

"இந்த ரெண்டும் எரிஸோட பிள்ளைங்க. போனோஸ், மாடா உழைக்கிறது. லீத்தி, மறதி. சண்டை போட்ட வீட்டுல கடைசில மிஞ்சறது இது ரெண்டும்தானே?"

சாந்தி ஆன்ட்டி குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஜாடிக்குள் மாட்டிக்கொண்ட எல்பிஸின் கதையைச் சொன்னேன். எல்லாக் கெடுதலும் வெளியே பறந்துபோக, நம்பிக்கை மட்டும் மூடிக்கு அடியில் தங்கிவிட்ட கதை. எப்போது திரும்பி ஆட்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் சுண்டல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பொம்மைகள் படியிலேயே இருந்தன. மறுநாள் காலை நூலகம் திறக்கும்போது நான் விண்ணப்பத்தோடு வாசலில் நின்றேன்.

கொலு முடிந்த அதே வாரம், வியாழக்கிழமை. கம்பளத்தில் பதினைந்து பிள்ளைகள், முதல் வரிசையில் விஷாகா. இங்கிலீஷில் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தில் குரல் உடைந்தது. தரையில் உட்கார்ந்தேன், பிள்ளைகளின் முகங்கள் நேராக வந்தன, குரலும் வந்தது. அன்று கொலுவில் சொல்லாமல் விட்ட ஆறாவது பொம்மையின் கதையைத்தான் சொன்னேன். அய்டோஸ், நாணம். தப்புச் செய்யப் போகிறவனின் கையைப் பிடிப்பவள், பேசப் போகிறவளின் வாயையும் பொத்துகிறவள். மற்ற தெய்வங்கள் எல்லாம் பூமியை விட்டுப் போன பிறகும் மனிதர்களோடு கடைசிவரை இருப்பவள் அவள் என்றேன்.

"டஸ் ஷி எவர் லெட் கோ?" என்று ஒரு பல் விழுந்த சிறுமி கேட்டாள்.

"யுவர் மவுத், யெஸ். யுவர் ஹாண்ட், நோ," என்றேன்.

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடு," என்று இங்கிலீஷில் சொல்லிக் கை குலுக்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்போதுதான் புத்தக அலமாரி ஓரம் நாகலக்ஷ்மி ஆன்ட்டி நிற்பதைப் பார்த்தேன். விஷாகாவை அழைத்துப் போக வந்தவர், கையில் கார் சாவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. 'நீ என்னதான் பண்றே' என்று அவர் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தேன். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது.

ஆன்ட்டி கைப்பையைத் திறந்து, டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தார். நைக்கி. நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு விஷாகாவின் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.