பெரட்டில் இருமுறை நின்ற முக்கோணம்

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் விரல், எனக்குப் பூஜ்யம் போட்ட ஜெரார்ட் சாருக்கு. நக்கல் இல்லை, மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது. அத்தனை வருடமும் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

1972இல் பீடோங் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். ஜெரார்ட் சார் வைத்த கணக்குச் சோதனையில் ஒரு கேள்வி: ஒரு முக்கோணத்தில் உச்சியிலிருந்து இறங்கும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், அடியில் இருக்கும் இரண்டு கோணமும் சமம் என்று நிரூபிக்க வேண்டும். எல்லோரும் நடுவில் ஒரு கோடு இழுத்து முக்கோணத்தை இரண்டாக வெட்டுவார்கள். நான் வெட்டவில்லை. அதே முக்கோணத்தை இடப்பக்கத்திலிருந்து ஒரு தடவை, வலப்பக்கத்திலிருந்து ஒரு தடவை படித்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின, ஆகவே கோணங்களும் சமம் என்று ஐந்தே வரியில் முடித்தேன்.

ஜெரார்ட் சார் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். "ஒரு முக்கோணம் எப்படி ரெண்டாகும்? அகத்தா வீட்ல ஒரு கோழிய ரெண்டுன்னுதான் எண்ணுவாங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. மறு வருடம் எனக்கு அறிவியல் பிரிவு கிடைக்கவில்லை. அந்த ஒரு தாளால்தான் என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்றைக்குப் பிறகு கணக்கு என்றாலே எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. தாளை மட்டும் தூக்கிப் போடவில்லை, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

1985 தொடக்கத்தில் நான் குருணில் ஒரு தொழிற்சாலையில் சரக்குச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பீடோங் மாதா கோயிலில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். ஜெரார்ட் சார் பழைய கணினி ஒன்று வாங்கியிருக்கிறாராம். கணித நிரூபணத்தை வரி வரியாகச் சோதிக்கும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதியிருக்கிறாராம். பள்ளி வடிவியல் முழுவதையும் பல பேர் சேர்ந்து எழுதி, கணினி ஒப்புக்கொண்டதை மட்டும் ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஆர்வமுள்ளவர்கள் கோயில் மண்டபத்துப் பக்க அறைக்கு வரலாம் என்றார்கள்.

எனக்கு வடிவியல் மேல் ஒரு ஆர்வமும் இல்லை. அந்த மிஷின் என் தாளைச் சரி என்று சொல்ல வேண்டும், அதுவும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பார்! அது வேறு எனக்கு எரிச்சல்.

மொத்தம் நாங்கள் நான்கு பேர். பெண்டாங்கில் அரிசி ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நவமணி அக்கா இரண்டு பஸ் மாறி வருவார். குழந்தைவேலு எலக்ட்ரீசியன். கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடும் கேசட் ரெக்கார்டரோடும் இணைத்து உயிர் கொடுத்தது அவர்தான். வரி சரியாக இருந்தால் திரையில் மலாயில் 'பெத்துல்' என்று வரும், தவறென்றால் 'சாலா' என்று வரும். முதல் மாதம் முழுக்கச் சாலாதான்.

விதிகளை நவமணி அக்கா அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். காரணம் இல்லாமல் ஒரு வரியும் கூடாது. சரி என்றாலும் தப்பு என்றாலும் சொல்கிறவர் காரணம் காட்ட வேண்டும். புரோகிராமில் ஓர் எழுத்தை மாற்றினாலும், பதிவேட்டில் ஏறிய அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி சோதிக்க வேண்டும்.

எட்டு மாதம் என் தாளை நான் வெளியே எடுக்கவில்லை. பயம்தான். மிஷினும் சிரித்துவிட்டால் என்ன செய்வது? அதற்குள் வேறு என்னென்னவோ நடந்துவிட்டது. எனக்கு வராததை நவமணி அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மழை நாளில் குழந்தைவேலு அண்ணன் மோட்டார் சைக்கிளில் குருண் வரை கொண்டுவந்து விட்டார். நான் எழுதிய வட்டத்து நிரூபணம் முதல் தடவையிலேயே பெத்துல் ஆனபோது ஜெரார்ட் சார் கைதட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று கோபமும் வந்தது.

நாற்பத்தொரு நிரூபணங்கள் ஏறிய பிறகு, ஒரு ஞாயிறு காலை என் ஐந்து வரியைப் புதுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். குழந்தைவேலு அண்ணன் தட்டினார்.

திரையில் வந்தது: சாலா. மூன்றாவது வரி.

என் முகத்தில் ஈயாடவில்லை. "இடமும் வலமும் ஒரே முக்கோணம்தானே அகத்தா, அதான்லா ஒத்துக்கல," என்றார் சார், மெதுவாகத்தான். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். இனிமேல் இந்த அறைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

"உக்காரு," என்றார் நவமணி அக்கா. அப்புறம் சாரைப் பார்த்து, "சார், தப்புன்னு சொன்னா காரணம் காட்டணும். அது மிஷினுக்கும்தான். எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க," என்றார்.

சார் புரோகிராமைத் திரையில் ஓடவிட்டார். ஓரிடத்தில் நிறுத்தினார். இரண்டு முக்கோணத்துக்கும் மூலைகள் ஒன்றாக இருந்தால் தள்ளிவிடு என்று ஒரு வரி. அவரே எழுதியது.

"ஏன் சார் எழுதுனீங்க?" என்று கேட்டார் அக்கா.

சார் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்கப்பா எஸ்டேட்டுல மண்டோர், ஆளுங்கள வேல வாங்குறவரு. விடியக்காலைல பெரட்டுல ஆளுங்கள வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாரு. ஒரே பேர் ரெண்டு தடவ வந்துச்சுன்னா அது கள்ளப் பேரு, கோடு போட்டு அடிச்சுருன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாரு. அது மண்டையில ஏறிருச்சு. ஒரு ஆளு ரெண்டு தடவ நிக்க முடியாதுல்ல?"

"நான் நின்னேனே!" என்றார் நவமணி அக்கா. "எங்கண்ணன் மகள எங்கக்கா மகனுக்குத்தான் கட்டுனோம். பொண்ணு வீட்லேர்ந்து பாத்தா நான் அத்தை. மாப்பிள்ளை வீட்லேர்ந்து பாத்தா சித்தி. ரெண்டு பக்கமும் நின்னு சீர் செஞ்சேன், ஒருத்தரும் கள்ளப் பேருன்னு சொல்லல. ஆளு ஒண்ணுதான் சார், முறை ரெண்டு. இந்தப் பிள்ளை முக்கோணத்த ரெண்டாக்கல. ரெண்டு பக்கமும் நின்னு முறை சொல்லியிருக்கா."

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி ஐந்து வரியையும் விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"தப்பு என் மேலதான்," என்றார். அந்த வரியை அழித்தார்.

விதிப்படி நாற்பத்தொன்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். கேசட் சுற்றி ஒவ்வொன்றும் ஏறுவதற்கே பல நிமிடம் ஆகும். "அடுத்த வாரம் பாக்கலாம் சார், எனக்காக வேணாம்," என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. குழந்தைவேலு அண்ணன் போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தார். நவமணி அக்கா இரண்டு மணி பஸ்ஸை விட்டார். என் ஐந்து வரிக்காக மூன்று பேர் பகல் முழுக்கப் புழுங்கும் அறையில் கிடந்தார்கள். நாற்பத்தொன்றும் பெத்துல். நாலு மணிக்கு என் தாளைத் தட்டினார்கள்.

முதல் வரி பெத்துல். இரண்டாவது பெத்துல். மூன்றாவது பெத்துல். மீதி இரண்டையும் நான் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

"இத நான் எங்கியோ பாத்திருக்கேன்லா," என்றார் சார், தலையைச் சொறிந்துகொண்டு.

ஜெபப் புத்தகத்தைத் திறந்து பழைய தாளை மேசையில் வைத்தேன். சிவப்பு மையில் முட்டை மாதிரி ஒரு பூஜ்யம், கீழே அவர் கையெழுத்து. இந்த நிமிடத்துக்கென்று பதின்மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் என்னிடம் இருந்தன. நல்ல காரமான வார்த்தைகள். வாயைத் திறந்தால், "தேங்க்ஸ் சார்," என்றுதான் வந்தது. பொய்யாக வரவில்லை, உள்ளேயிருந்து வந்தது.

சார் பதிவேட்டை இழுத்து நாற்பத்திரண்டு என்று எண் போட்டார். எழுதியவர் என்ற இடத்தில் அகத்தா என்றும், சோதித்தவர் என்ற இடத்தில் நவமணி என்றும் எழுதினார். பிறகு ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒரு கட்டம் கோடிட்டு, மேலே 'தாமதம் செய்தவர்' என்று தலைப்புப் போட்டார். அதற்குக் கீழே நிறுத்தி நிதானமாக எழுதினார்: ஜெரார்ட், பதின்மூன்று வருடம்.