தும்பிக் குடைப் பாட்டு

ஐம்பத்தாறு வயதாகியும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப் பட்டம் குடைப்பாப்பா. ஏழு வயதில் வானொலி விளம்பரம் ஒன்றில் பாடியதால் வந்தது அது.

‘மழையே மழையே மெல்ல வா,
மண்ணு நனையட்டும், நான் நனைய மாட்டேன்!
சின்னக் கையில சின்னக் கூரை,
தும்பி... தும்பி... தும்பிக் குடை!’

கடைசி வரி முடிந்ததும் ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் பீறிட்டு வரும் குழந்தைச் சிரிப்பு. மொத்தம் இருபது விநாடி. பதினான்கு மழைக்காலம் அந்தப் பாட்டு வானொலியில் ஓடியது. குடைக் கம்பெனி மூடி எத்தனையோ வருடமாகியும், தூறல் விழுந்தால் அதை முணுமுணுக்கிறவர்கள் இன்னும் இருந்தார்கள்.

பாப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் இருந்த அதிகாரி அவளுடைய சான்றிதழ்களைப் புரட்டக்கூட இல்லை. “அந்தக் குடைப் பொண்ணு நீதானா? அப்புறம் என்னம்மா குரல் சோதனை வேண்டிக்கிடக்கு!” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாப்பா அதை ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

அவளுடைய அப்பா வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர். விளம்பரங்களைப் பதிவுசெய்யும் சின்ன அறை அவர் பொறுப்பில் இருந்தது. பள்ளி விட்டதும் இரண்டு மகள்களும் அங்கே போய், அவர் வேலை முடிகிறவரை தாழ்வாரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அப்படி ஒருநாள் தாழ்வாரத்தில் நொண்டியடித்துப் பாடிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்துவிட்டுத்தான் குடைக் கம்பெனி முதலாளி, “இந்தக் குழந்தையே பாடட்டுமே” என்றார். பாப்பாவுக்கு நினைவிருந்ததெல்லாம் இவ்வளவுதான்: முகத்தைவிடப் பெரிய மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலை உயர்த்திய அப்பா, பரிசாகக் கிடைத்த மஞ்சள் குடை.

அப்பா போய்ப் பத்து வருடம் கழித்து, வானொலி நிலையத்துக்கு அறுபதாவது ஆண்டு வந்தது. பழைய விளம்பரப் பாட்டுகளுக்காகவே ஒரு நேரடி நிகழ்ச்சி. அதன் தயாரிப்பாளரான இளம்பெண் பாப்பாவுக்குத் தொலைபேசினாள்.

“மேடம், நீங்க வந்து அந்தப் பாட்டை ஒரு தடவை பாடணும். கடைசியில அந்தச் சிரிப்பும் வேணும், விட மாட்டோம். இன்னொரு விஷயம். பழைய ஒலிநாடா அறையை ஒழிச்சப்போ உங்க பாட்டோட முதல் நாடா கிடைச்சது. அன்னைக்கு நடந்த முழுப் பதிவும் அதுல இருக்கு. வந்து கேட்டுட்டுப் போறீங்களா?”

கேட்க வேண்டுமா! மறுநாள் மதியமே பாப்பா அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் நின்றாள்.

நாடா ஒரு தகர டப்பாவில் இருந்தது. மூடியில் பழுத்துப்போன காகிதம். அதில் அப்பாவின் கையெழுத்து, இடதுபக்கம் சாய்ந்த குண்டுக் குண்டு எழுத்து. அந்த எழுத்தை அவள் விரலால் தடவினாள். அதன் பிறகுதான் அதில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

‘தும்பிக் குடை. 1 முதல் 6 வரை சின்னவள். 7 பெரியவள். 7 சரி.’

“சின்னவள், பெரியவள்னா யாரு மேடம்?” என்று கேட்டாள் தயாரிப்பாளர். “ரெண்டு பேரா பாடினீங்க?”

பாப்பா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதலில் இரைச்சல். பிறகு அப்பாவின் குரல்: “ஒண்ணு.” பின்னால் ஒரு குழந்தை பாடியது. அவளேதான். ஆனால் அந்த வயதில் முன்பல் இரண்டும் விழுந்திருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். ‘ஷின்னக் கையில ஷின்னக் கூரை’ என்று காற்று பிய்த்துக்கொண்டு போனது. “பரவால்ல கண்ணு, மறுபடியும்” என்றார் அப்பா. இரண்டு. மூன்று. நான்காவதில் சுருதி எங்கோ போயிற்று. ஐந்தாவதில் இருமல். ஆறாவதில் பாதியிலேயே அழுகை. நாற்காலி நகர்கிற சத்தம், யாரோ தண்ணீர் கொடுக்கிற சத்தம்.

பிறகு அப்பா சொன்னார்: “பெரியவளே, நோட்டை வச்சிட்டு இங்க வா. நீ ஒரு தடவை பாடு. ஏழு.”

ஏழாவது குரல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ஊரே பதினான்கு வருடம் கேட்ட குரல். பதினொரு வயது அக்காவின் குரல்.

பாட்டு முடிந்து, ஒரு நொடி அமைதி. அதன்பின் அந்தச் சிரிப்பு பீறிட்டது. அப்பாவும் சிரித்துவிட்டார். “அடி கழுதை, நல்லா வந்ததுல போய் சிரிச்சிட்டியே! ... இரு, இரு. இது நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும், இருக்கட்டும்.” அத்தோடு நாடா முடிந்தது.

பாப்பா டப்பாவை மூடினாள். தயாரிப்பாளர் கேட்ட எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தெருவில் இறங்கி நேராக அக்காவின் கடைக்கு நடந்தாள்.

அக்காவுக்கு அறுபது வயது. துணிகளை அளவு திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஒரு ஆள் அகலக் கடை. உள்ளே தையல் மெஷின், இஸ்திரி மேசை, கம்பியில் வரிசையாகத் தொங்கும் அடுத்தவர்களின் பேண்டுகள். மேலே அலமாரியில் ஒரு பழைய ரேடியோ. பாப்பா உள்ளே நுழைந்தபோது அக்கா ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, இந்நேரத்துல? வேலைக்குப் போகலயா?”

“அக்கா, தும்பிக் குடைப் பாட்டைப் பாடினது யாரு?”

அக்காவின் கை நின்றது. பிளேடை மேசைமேல் வைத்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்தப் பழைய நாடா எங்கயாவது கிடைச்சுதா? கேட்டுட்டியா?”

“கேட்டேன். ஆறு தடவை நான் சொதப்பினதையும் கேட்டேன். ஏழாவது நீ பாடினதையும் கேட்டேன். நாப்பத்தொன்பது வருஷம்! எத்தனை பேர்கிட்ட ‘நான் பாடினேன், நான் பாடினேன்’னு மார் தட்டியிருக்கேன்! நீ பக்கத்துலயே நின்னு மண்டையை மண்டையை ஆட்டிக்கிட்டு இருந்திருக்க. என்னை ஊருக்கே பொய்க்காரியாக்கிட்டியே!”

“கத்தாதடி. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பாக்கறாரு.”

“பாக்கட்டும்!”

அக்கா எழுந்து கடையின் கதவைப் பாதி இறக்கினாள். ஸ்டூலை இழுத்துத் தங்கைக்குப் போட்டாள். பாப்பா உட்காராமல் நின்றாள். அக்கா மட்டும் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, மடியில் கிடந்த நூல்களைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

“முதல் தடவை அது ரேடியோவுல வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா? நம்ம வீட்டுல அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் கூடியிருந்தாங்க. பாட்டு முடிஞ்சு உன் சிரிப்பு வந்ததும், முழுசும் நீ பாடினதுன்னே நினைச்சுக்கிட்டு, நாற்காலி மேல ஏறி நின்னு ‘நான்தான், நான்தான்’னு குதிச்ச. எல்லாரும் உன்னைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினாங்க. அப்பா வாயைத் திறந்தாரு. நான் அவர் கையைக் கிள்ளினேன்.”

“ஏன்?”

“உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். வேற ஒரு மண்ணும் இல்ல.”

பாப்பா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“உனக்கு வருத்தமே இல்லயாக்கா?”

“இல்லாம என்ன? நான் என்ன கல்லா? வயிறு எரிஞ்சது. ஒரு வருஷம் அந்தப் பாட்டு வந்தாலே ரேடியோவை அணைச்சிட்டு வெளிய போயிடுவேன். உன் மஞ்சள் குடையோட ஒரு கம்பியை உடைச்சது யாருன்னு நினைக்கிற? காத்துல உடைஞ்சதுன்னு அழுதியே.”

“நீயா!”

“நான்தான்.” அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “அப்புறம் சரியாப் போச்சு. இந்தக் கடை போட்ட பிறகு, மதியத்துல ஆள் இல்லாத நேரமாப் பார்த்து அது வரும். மெஷினை நிறுத்திட்டுக் கேப்பேன். என் குரல், உன் சிரிப்பு. முடிஞ்சதும் மறுபடி மிதிக்க ஆரம்பிப்பேன். யாருக்கும் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரியுமே.”

“அப்பா ஒண்ணுமே சொல்லலயே...”

“அவருக்குத்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேப்பாரு, ‘பெரியவளே, சொல்லிடலாமா?’ன்னு. ‘வேணாம்ப்பா, அவளுக்கு இப்பப் பரீட்சை’ம்பேன். அடுத்த வருஷம் ‘இப்ப இன்டர்வியூ’ம்பேன். அப்படியே போச்சு.”

பாப்பாவின் கண் நிரம்பிவிட்டது. “அந்த வேலையே உன் பாட்டாலதான்க்கா எனக்குக் கிடைச்சது.”

“ஏண்டி, முப்பத்திரண்டு வருஷமா அந்தக் கூண்டுக்குள்ள உட்கார்ந்து பஸ் வருது, பஸ் போகுதுன்னு தொண்டை கிழியக் கத்தினது யாரு, நானா? கதவைத் திறந்து விட்டது பாட்டு. உள்ள போய் உட்கார்ந்தது நீ.” அக்கா ஒரு துண்டுத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். “மூக்கைச் சிந்து. கோட்டு மேல படாம.”

பாப்பா மூக்கைச் சிந்தினாள். பிறகு ஒன்று கேட்டாள். “நான் எதுக்குக்கா அப்படிச் சிரிச்சேன்? அழுதுக்கிட்டுதானே இருந்தேன்?”

“நீ மூலையில நாற்காலியில உம்முன்னு உட்கார்ந்திருந்த. நான் பாடி முடிச்சதும் உன்னைப் பார்த்து நாக்கை நீட்டினேன். எப்படிப் பாடினேன் பார்த்தியான்னு ஒரு திமிர்தான். நீ சிரிச்சிட்ட.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. அக்கா வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். “ஊரறிஞ்ச பாட்டுக்கு இப்பப் போய் உரிமை கொண்டாடறதா? நல்லாவா இருக்கு? நீயே பாடிட்டு வா. உன் குரலும் ஒண்ணும் மோசமில்ல.”

“நீ வரலைன்னா நானும் போகல. தயாரிப்பாளர் பொண்ணுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு.”

கடைசியில், சும்மா துணைக்கு மட்டும் என்று சொல்லி அக்கா கிளம்பினாள். பழைய பதிவறை இடிபட்டுப் போயிருந்தது. புதிய அறையில் சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. மேசைமேல் மெல்லிய மைக்குகள். துணைக்கு வந்தவளைப் பாப்பா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

தொகுப்பாளர் இளைஞர். உற்சாகமாகத் தொடங்கினார். “இதோ, நம்ம எல்லாருக்கும் பிடிச்ச குடைப்பாப்பா! வாங்க, அந்தப் பாட்டை ஒரு தடவை...”

“அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்,” என்றாள் பாப்பா. முப்பத்திரண்டு வருடம் மைக்கில் பேசியவளின் குரல் அன்றைக்கு நடுங்கியது. “அந்தப் பாட்டை நான் பாடல. நான் ஆறு தடவை பாடி, ஆறும் தேறல. எனக்கு அப்ப முன்பல் இல்ல. பாடினது எங்க அக்கா. இதோ பக்கத்துல இருக்காங்க. இது எனக்கே போன செவ்வாய்க்கிழமைதான் தெரிஞ்சது. இத்தனை நாளா யார் யார்கிட்டயெல்லாம் நான்தான்னு சொன்னேனோ, அத்தனை பேரும் என்னை மன்னிச்சுக்கணும்.”

தொகுப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அக்கா கீழே மேசைக்கு அடியில் தங்கையின் தொடையை ஓங்கிக் கிள்ளினாள்.

“சரி, அப்போ...” என்று தடுமாறினார் தொகுப்பாளர். “அக்கா, நீங்க பாடறீங்களா?”

அக்கா தலையை அசைத்து மறுத்தாள். மைக்கைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்ற தயாரிப்பாளர் பெண்ணைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பாடத் தொடங்கினாள்.

குரல் தடித்திருந்தது. ‘மெல்ல வா’வில் கொஞ்சம் பிசிறியது. இரண்டாவது வரியில் மூச்சு வாங்கியது. ஆனால் ‘தும்பி... தும்பி...’ என்று இறங்குகிற இடத்தில் அந்தப் பழைய நெளிவு அப்படியே வந்து உட்கார்ந்தது. பாப்பா அழுதுகொண்டிருந்தாள். அவள் சிரிக்க வேண்டிய இடம் நெருங்கியது. இந்த நிலையில் எங்கிருந்து சிரிப்பது?

பாட்டை முடித்த அக்கா திரும்பி, அறுபது வயது முகத்தோடு, கண்ணாடி மூக்கு நுனிவரை இறங்கியிருக்க, நாக்கை நீட்டினாள்.

பாப்பாவுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து, மூச்சு முட்டி, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். தொகுப்பாளரும் சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது.

அன்றைக்கு வந்த அழைப்புகளில் ஒருவர்கூட பாப்பாவைக் குறை சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம். வார்த்தையெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு. சிரிச்சது நீதானேம்மா? அப்புறம் என்ன?” என்றார். ஒரு லாரி ஓட்டுநர், அக்கா இன்னொரு தடவை பாடினால்தான் போனை வைப்பேன் என்றார். அக்கா பாடினாள். மூன்றாவது தடவை யாரும் கேட்காமலே பாடினாள்.

அதன் பிறகு கடைக்கு ஆட்கள் கொஞ்சம் கூடினார்கள். பேண்டைச் சுருக்க வந்தவர்கள் மேசைமேல் துணியை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி நிற்பார்கள். அக்காவுக்குப் புரிந்துவிடும். வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, “முதல்ல அளவைக் குடுங்க, நேரா நில்லுங்க” என்று அதட்டுவாள். அளவெடுத்து, குறித்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடிப்பாள். வாய் காலியானதும், “எந்த வரியிலேர்ந்து வேணும்?” என்று கேட்பாள்.