பலகை ஸ்பீக்கரும் வில்மார் அண்ணனின் காதும்

நான் செய்யும் ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. ஒரு பலகை, பலகையில் ஓட்டை, ஓட்டையில் கனத்த அடிச்சத்தத்துக்கான ஊஃபர், அவ்வளவுதான். முதுகுப்பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். பார்க்கிறவர்கள் பாதியில் விட்ட தச்சுவேலை என்று நினைப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவன் வீட்டில்தான் இப்படி இரண்டு பலகைகள் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்க முடியும்.

பெட்டி ஸ்பீக்கர் முழங்கும், பலகை பேசும். இதை மொந்தேவிதேயோவில் என்னிடம் மாட்டிய எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மிர்த்தா சத்தத்துக்குச் சண்டை போட வந்தபோது அவளுக்கும் பாடம் எடுத்தேன். ஊஃபர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் பக்கவாட்டில் சந்தித்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆகவே பக்கவாட்டில் இருக்கும் உன் சுவருக்கு அடிச்சத்தம் வராது, போய் நிம்மதியாகத் தூங்கு என்றேன். அவளும் போய்த் தூங்கினாள்.

என் அண்ணன் வில்மார் நாற்பத்தோரு வருஷம் பலெர்மோ பேட்டைக் குழுவில் பெரிய மேளம் அடித்தவர். சின்ன மேளம் தப்பினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய மேளம் தப்பினால் தெருவோடு ஆடிவரும் அத்தனை பேருக்கும் கால் தடுமாறும். எங்கள் ஊர் ஜூலைக் குளிரில் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறும்வரை என் வீட்டில் இருக்கட்டும் என்று அழைத்துவந்தேன். பிப்ரவரியில் வரும் மேள ஊர்வலத்துக்குள் எழுந்து நடந்துவிட வேண்டும், மேளத்தைத் தோளில் மாட்டிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய கவலை.

கை மறக்காமல் இருக்க ஒரு வழி சொன்னேன். போன பிப்ரவரியில் அவர்கள் குழு தெருவில் அடித்துக்கொண்டு போனதை நான் நல்ல மைக் வைத்துப் பதிந்திருந்தேன். தினமும் மத்தியானம் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டே அதைப் போடுவேன், அவர் கூடவே தொடையில் தட்டிப் பழகலாம். தாழ்வான இருக்கையில் அவரால் உட்கார முடியாது. அதனால் கைப்பிடி வைத்த சாப்பாட்டு நாற்காலியைக் குளியலறைக் கதவோரம், இடது பலகைக்குப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தேன். நான் இரண்டு பலகைக்கும் எதிரே நடுவில் என் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"எல்பியோ, சின்ன மேளம் கேக்குது, நடு மேளம் கேக்குது. என் மேளம் எங்கடா?"

"இப்ப அடிக்கிறது அதுதாண்ணே."

"இதுவா? யாரோ தலகாணிய உதறுற மாதிரில்ல இருக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊஃபர்மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. அவை காருக்குச் செய்தவை, பன்னிரண்டு அங்குலம், பின்னால் கல்லுரல் கணக்காகக் காந்தம். காந்தம் பெரிதாக இருந்தால் உசத்தி என்று கடைக்காரன் சொல்வான். பெட்டிக்குள் அடைக்க அது சரி. பலகைக்கு ஆகாது. பெரிய காந்தம் ஊஃபரில் அதிரும் கூம்பை இறுக்கிப் பிடித்து அடிச்சத்தத்தை எழவே விடாது. பலகைக்கு வேண்டியது சின்னக் காந்தமும் தளர்ந்த காகிதக் கூம்பும். மூடிப்போன நடன மன்றம் ஒன்றிலிருந்து பழைய பதினைந்து அங்குல ஊஃபர் இரண்டை வாங்கிவந்து மாட்டினேன். என் நாற்காலியில் மேளம் தரையிலிருந்து எழுந்து வந்தது.

"இப்ப எப்படிண்ணே?"

"தலகாணிதான்டா. கொஞ்சம் பெரிய தலகாணி."

பிறகு ஈக்வலைசரில் இறங்கினேன். பலகையில் சுருதி இறங்க இறங்கச் சத்தமும் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவை ஈக்வலைசரில் தூக்கிக் கொடுக்க வேண்டும். அளவோடு தூக்க வேண்டும், இல்லையென்றால் கூம்பு எல்லை தாண்டி ஆடி முட்டிக்கொள்ளும். நான் ரோஷத்தில் தூக்கினேன். பெரிய மேளம் விழுந்த இடத்தில் ஊஃபர் 'டக்'கென்று முட்டியது.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆங்! இப்ப ஒண்ணு கேட்டுச்சுடா!"

"அது மேளம் இல்லண்ணே. ஊஃபர் அடிபடுற சத்தம்."

"அட, அதுவாச்சும் கேக்குதே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகைக்கு இரண்டு ஊஃபர் என்று ஆக்கினேன், பாரம் பிரிந்து முட்டல் நின்றது. என் நாற்காலியில் காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தி, அளந்து, திருத்தி, மறுபடி அளந்தேன். மூன்று வாரம் இதே பிழைப்பு. எந்தச் சுருதி எவ்வளவு சத்தம் என்று காட்டும் கோடு கணினித் திரையில் கடைசிவரை மேசைபோல் நேராக வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் அன்றைக்கும் உதட்டைப் பிதுக்கினார். "நான் வேணா ஒரு தடவ ஒன் நாற்காலில ஒக்காந்து கேக்கட்டுமா? கைத்தாங்கலா எறக்கி விடு."

"அங்க மைக் நிக்குதுண்ணே. மில்லிமீட்டர் கணக்கா அளந்து வச்சிருக்கேன். அசைஞ்சா எல்லாம் போச்சு."

"சரிடா, விடு. ஆனா என் மேளம் இதுல இல்ல."

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் பத்து நாற்காலி இருக்கும், ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் சங்கீதம் செய்வோம். அது நம்முடையதாக இருக்கும். அன்றைக்கு அந்த வியாதி முற்றிப்போய் நான் வாயைத் திறந்தேன்.

"கோட்டப் பாருண்ணே. மெஷினு பொய் சொல்லாது. எழுபத்தோரு வயசு, அதுல நாப்பது வருஷம் மேளத்துக்குப் பக்கத்துலயே நின்னிருக்க. கெட்டுப்போனது என் ஸ்பீக்கர் இல்ல, ஒன் காது."

அவர் தட்டிக்கொண்டிருந்த கையைத் தொடையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அதையும் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் குழுத்தலைவர் ஏபெரை வரச்சொல்லி, என் முன்னாலேயே சொன்னார்: "எனக்கு அடி கேக்க மாட்டேங்குதுப்பா. கேக்காதவன் பெரிய மேளம் அடிச்சா வரிசையே கெட்டுப்போகும். வேற ஆளப் போட்டுக்க."

"ஒம்ம காதா? டேய் எல்பியோ, நீயாச்சும் சொல்லேன்டா!" என்று ஏபெர் என்னைப் பார்த்தார்.

நான் திரையிலிருந்த கோட்டை அவருக்குக் காட்டினேன். கடவுளே, காட்டினேன்.

மேளம் ஏபெரின் தங்கை மகனுக்குப் போயிற்று. அதன்பின் அண்ணன் இடுப்புக்கான பயிற்சியையும் விட்டுவிட்டார். யாருக்காக நடக்க வேண்டும் என்றார். பிப்ரவரியில் ஊர்வலத்தை நடைபாதையில் நாற்காலி போட்டுப் பார்த்தார். அடுத்த வாரமே பாய்சாந்துவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரலில் ஒரு மழைநாள். என் நாற்காலிக்கு மேலே கூரை ஒழுகியது. மைக்கை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலி இருந்த இடத்தில் வாளியை வைத்தேன். மழைக்கென்று பொரித்த மாவுரொட்டித் தட்டோடு கதவோரம் அண்ணன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல் அதே பதிவைப் போட்டேன்.

சின்ன மேளம் கேட்டது. நடு மேளம் கேட்டது. பெரிய மேளம் இல்லை.

ஒயர் கழன்றுவிட்டது என்று எழுந்து நடுவுக்கு வந்தேன். மேளம் நெஞ்சில் இடித்தது. திரும்பப் போய் உட்கார்ந்தேன், தலையணை. நாலைந்து தடவை போய்ப் போய் வந்தேன். மிர்த்தாவுக்குச் சொன்ன பாடம், அறிவுகெட்ட எனக்கு, அவள் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வரவில்லை. எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் பாய்சாந்துவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒன் காதுல ஒண்ணும் இல்லண்ணே. ஒக்கார வச்ச எடம் தப்பு. பலகைக்குப் பக்கவாட்டுல அடி கேக்காது. எனக்குத் தெரியும்ணே, தெரிஞ்சே..."

அவர் அவசரப்படாமல் சொன்னார்: "காது நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும்டா."

"எப்பத்துலேர்ந்து?"

"ஊர்வலத்தன்னிக்கு. அந்தப் பய என் மேளத்த மாட்டிக்கிட்டு முன்னால போனான்ல. ஒவ்வொரு அடியும் வயித்துல விழுந்துச்சு. மூணு எடத்துல தப்புனான், மூணும் கேட்டுச்சு."

"ஏண்ணே, அன்னிக்கே என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"என்னன்னுடா சொல்றது? மேளம் போயிருச்சு. நீ நாலு மாசமா ராத்திரி பகல்னு பாக்காம எனக்காக ஒழச்ச. ஒன் ஸ்பீக்கர் நல்லா இல்லன்னு சொல்ல மனசு வரல."

நான் அழுதேன். அவர் கேட்காதமாதிரி இருந்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, கேட்டார்:

"சரி, இப்பவாச்சும் சரி பண்ணிட்டியா? எத்தன ஊஃபர் மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலண்ணே. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. நான் எந்திரிச்சு ஒனக்கு எடம் விட்டிருந்தாப் போதும்."