இடது முன்சக்கரம்

கர்ட்டின் பிக்கப் வண்டி தன் டயர் கடை வாசலில் திரும்பும்போதே ரோண்டாவுக்கு வாய் துறுதுறுத்தது. ஏறி உட்கார ஏணி வேண்டும், அவ்வளவு உயரம் தூக்கிக் கட்டிய வண்டி. கீழே நாற்பது அங்குல டயர் நான்கு. சமையலறைக் குழாயில் சொட்டும் தண்ணீரை நிறுத்தத் துப்பில்லாதவனுக்கு இந்தப் பவிசு! இவனோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

"அம்பத்தஞ்சு மைலைத் தாண்டினா ஸ்டியரிங் உதறுது ரோண்டா," என்றான் கர்ட், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஸ்டியரிங் உதறுதா, இல்ல உன் கை உதறுதா? காலையிலயே ஊத்திட்டியா?"

மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற கடைப்பையன் ஃபெலிக்ஸ் களுக்கென்று சிரித்தான். கர்ட் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "டெஸ்ஸா வண்டியில இருக்கா. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் மோவாபுக்குப் போறோம், பாறையில வண்டி ஏத்த. கெஞ்சிக் கூத்தாடி உன் கடைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். கொஞ்ச நேரம் உன் வாயை அடக்கு. அவளே இறங்கி வருவா."

ரோண்டா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். ஆமாம், மகள்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ஒன்றரை வருஷமாக ஒரு போன் கிடையாது. நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எண்ணெய்க் குழாய் போடும் கூட்டத்தோடு வேலைக்குப் போகிறேன் என்று நன்றி நாள் விருந்தில் அவள் சொன்னபோது, "ஊசி பிடிக்கத் தெரியாதவ குழாயைப் பிடிச்சுக் கிழிக்கப்போறா" என்று இருபது பேர் முன்னால் ரோண்டா சொல்லிச் சிரித்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். அவள் ஒரு தடவை உள்ளே வந்து "அம்மா" என்று சொன்னால் போதும், ரோண்டாவுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"சரி, அடக்குறேன்," என்றாள். நிஜமாகவே அடக்கத்தான் நினைத்தாள்.

வண்டியைத் தூக்கி நான்கு சக்கரத்தையும் கழற்றினார்கள். அதற்கு முன்பே டெஸ்ஸா இறங்கி, வெளியே நிழலில் போய் நின்றுகொண்டாள். இந்த அளவு டயரின் எடை எல்லாப் பக்கமும் சமமா என்று பார்க்கக் கார் மெஷின் லாயக்கில்லை. பெரிய லாரிக்கு வைத்திருக்கும் மெஷினில் ஒவ்வொன்றாக ஏற்றிச் சுற்றவிட்டாள் ரோண்டா. மூன்று சக்கரம் கச்சிதம். ஒவ்வொன்றுக்குள்ளும் சன்னமாக ஏதோ உருண்டது. பொம்மைத் துப்பாக்கியில் போடும் பிளாஸ்டிக் குண்டு என்று காதில் கேட்டதுமே தெரிந்துவிட்டது. டயர் சுழலும்போது குண்டுகள் தாமாகவே ஓடிப்போய், கனம் குறைந்த பக்கத்தில் உட்கார்ந்து எடையைச் சரிக்கட்டிவிடும் என்று பாதி ஊர் நம்புகிறது. சில சமயம் சரிக்கட்டவும் செய்யும், என்ன சொல்ல.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. கர்ட் கை வைத்த ரிம்மில் கீறல் இல்லாமல் இருக்காது. இதிலோ ஒரு கீறல் இல்லை. வேலை தெரிந்த எவனையோ பிடித்து மாட்டச் சொல்லியிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

நான்காவது, இடது முன்சக்கரம். ஒரு பக்கம் இருபத்துமூன்று அவுன்ஸ் கூடுதல் என்று மெஷின் காட்டியது. உள்ளே எதுவும் உருளவில்லை. காற்றை இறக்கி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்து, உள்ளே டார்ச் அடித்தாள். அடித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபெலிக்ஸ்! ஓடி வா, வந்து பாரு இந்தக் கண்கொள்ளாக் காட்சியை!"

குண்டுகள் எல்லாம் உருகி ஒரே கட்டியாக ஒரு பக்கத்தில் ஒட்டிக்கிடந்தன. டயர் விளிம்பு ரிம்மில் உட்கார மறுத்தால், குளிரில் இஞ்சினைக் கிளப்ப அடிக்கும் ஈதரை உள்ளே பீய்ச்சிக் கொளுத்துவது இங்கே வழக்கம்தான். டமார் என்று வெடித்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பிளாஸ்டிக் குண்டை முதலில் கொட்டிவிட்டு, அப்புறம் எவனாவது கொளுத்துவானா?

ரோண்டா கட்டியைப் பெயர்த்தெடுத்து, காத்திருந்த வாடிக்கையாளர்கள் பக்கம் தூக்கிக் காட்டினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. "பாருங்கய்யா, பாருங்க! உள்ள குண்டைப் போட்டு அடுப்பு மூட்டியிருக்கு ஒரு மேதாவி! நாலு டயரை வாங்கத் தெரியுது, நாலு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி இல்ல. இந்த மூஞ்சியெல்லாம் வண்டியைத் தொடலைன்னு யாரு அழுதா?"

"சரி, நான்தான். விடு ரோண்டா," என்றான் கர்ட். அவன் கண் வாசல் பக்கமே இருந்தது.

"விடுறதாவது! இதைப் பண்ணின கையை வெட்டி அடுப்புலதான் வைக்கணும். பொறந்ததுல இருந்து ஒரு காரியத்தை உருப்படியா முடிச்சிருக்கா இந்த ஜென்மம்?"

"முடிச்சதில்ல," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். டெஸ்ஸா. "அப்பாவை ஏன் திட்டுற? டயரை மாட்டினது நான். நாலையும் நான்தான் மாட்டினேன்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஃபெலிக்ஸ் ஏதோ எடுக்கிற சாக்கில் உள்ளே நழுவினான். ரோண்டாவின் கையில் அந்தக் கட்டி இன்னும் இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் மாட்டியிருக்கியேடி, நான்கூட எவனோ கைதேர்ந்தவன்னு நினைச்சேன் என்று சொல்ல வேண்டும். நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய் வேறொன்றைச் சொன்னது.

"கொளுத்துறதுக்கு முன்னாடி உள்ள என்ன கிடக்குன்னு பார்க்க மாட்டியா? கண்ணைப் பொடனியில வச்சிருந்தியா?"

"மூணு சக்கரம் சரியா இருந்துச்சுல்ல? அதுக்கு ஒரு வார்த்தை வரலையேம்மா," என்றாள் டெஸ்ஸா. திரும்பி வெளியே போய்விட்டாள்.

ரோண்டா வேலைக்குத் திரும்பினாள். டயரின் உட்புறத்தைச் சுரண்டித் துடைத்தாள். ரிம்மில் டயரை இரண்டு தடவை திருப்பித் திருப்பி மாட்டி, டயரின் கனமான பக்கம் ரிம்மின் கனமான பக்கத்துக்கு எதிரே வரும்படி வைத்து, இருபத்துமூன்றை நாலு அவுன்ஸுக்குக் கொண்டுவந்தாள். மிச்சத்துக்கு ரிம்மின் உட்புறமாக ஈய எடை ஒட்டினாள். ஃபெலிக்ஸை ஒரு நட்டைக்கூடத் தொட விடவில்லை. இவ்வளவு சுத்தமாக அவள் வேலை செய்து வருஷக் கணக்காகிறது.

கர்ட்டும் டெஸ்ஸாவும் நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "எழுபதுல கூட ஆடல. வெண்ணெய் மாதிரி போகுது," என்றான் கர்ட் ஜன்னல் வழியாக. அந்தப் பக்கம் டெஸ்ஸா நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

ரோண்டா எட்டி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்பது மைல் ஓடினா நட்டு கொஞ்சம் தளரும். மறுபடி முறுக்கணும். ஞாயித்துக்கிழமை திரும்பி வரும்போது நேரா இங்க வந்துடுங்க. நானே முறுக்கித் தர்றேன். வீட்டுல மாட்டுக்கறி வேக வைக்கிறேன், உருளைக்கிழங்கு போட்டு. சாப்பிட்டுட்டுப் போகலாம்." கர்ட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். சொன்னது யாருக்கு என்று மூவருக்கும் தெரியும்.

கர்ட் மகளைப் பார்த்தான்.

"வேணாம்மா," என்றாள் டெஸ்ஸா. கோபமே இல்லாத குரல். "என்கிட்ட அளவு பார்த்து முறுக்குற டார்க் ரெஞ்ச் இருக்கு. வழியில நிறுத்தி நானே முறுக்கிக்குவேன்."

"எவ்வளவு முறுக்கணும்னாவது தெரியுமாடி உனக்கு?" கேட்ட பிறகுதான் ரோண்டாவுக்குத் தான் கேட்டது காதில் விழுந்தது.

"தெரியும்," என்றாள் டெஸ்ஸா. கர்ட் கண்ணாடியை ஏற்றினான்.