இலையில் ஒட்டிய மஞ்சள்

முதல் அடி காதோரத்தில் விழுந்தபோது தார்சோ கூடைக்குள் நின்று, வெந்த சோயாவை மிதித்துத் தோலுரித்துக்கொண்டிருந்தான். கூடை கவிழ்ந்தது, பருப்பு சேற்றில் சிதறியது. இரண்டாவது அடி மண்வெட்டிக் காம்பால் விழுந்தது. அதன்பின் எவருடைய அடி எது என்று பிரித்தறிய இயலவில்லை.

செராயு ஆற்றங்கரையிலிருந்த அந்த ஊரில் மிஸ்னோவை அன்று காலைதான் புதைத்திருந்தார்கள். முந்தைய மாலை, இலையில் பொதிந்து பூஞ்சையேற்றிப் புளிக்கவைக்கும் தெம்பே சாப்பிட்டவன், வாந்தியெடுத்துச் சுருண்டு, விடிவதற்குள் இறந்தான். அவன் அடுப்படியில் அண்ணன் கமித் ஒரு வாழையிலைப் பொதியைக் கண்டெடுத்தான். மூங்கில் நாரால் இரட்டைச் சுருக்கிட்டுக் கட்டுபவன் ஊரில் தார்சோ ஒருவனே. கமித்துக்கு அது போதுமானதாக இருந்தது.

வாசற்கடையில் மெல்லிய தெம்பேத் துண்டுகளை மாவில் தோய்த்து மெண்டோவான் பொரித்துக்கொண்டிருந்த தார்சோவின் மனைவி ரசியெம், சத்தம் கேட்டதும் எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். எண்ணெயில் இரண்டு துண்டுகள் இன்னும் பொரிந்துகொண்டிருந்தன. கூட்டம் வழிவிட்டது.

“இன்னொரு அடி விழுந்துச்சு, மூஞ்சியில ஊத்திடுவேன் கமித் அண்ணே. அப்புறம் உங்களையும் இலையில மடிச்சுத்தான் குடுக்கணும்.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“உன் புருசன் என் தம்பியக் கொன்னுட்டான்டி. அரைவேக்காட்டத் தின்னவச்சுக் கொன்னுட்டான்.”

“மெண்டோவான் அரைவேக்காடாத்தான் இருக்கணும். நேத்து காலைல நீங்களும் வாய் நிறையத் தின்னீங்களே. செத்தா போயிட்டீங்க?”

கமித் இலையை அவள் காலடியில் எறிந்தான். “இது யாரு கட்டு? சொல்லு.”

ரசியெம் சட்டியைக் கீழே வைக்கவில்லை. குனிந்து மட்டும் பார்த்தாள்.

“கட்டு எங்களோடது. உள்ள ஒட்டியிருக்கிறது எங்களோடதில்ல. நீங்களே கையில எடுத்துப் பாருங்க.”

அவன் எடுத்தான். தார்சோவின் தெம்பேயைப் பிட்டால் முழுச் சோயா தெரியும். வெண்பூஞ்சை பருப்பையும் பருப்பையும் பிணைத்திருக்கும். வேகவைப்பான், தோலுரிப்பான், பூஞ்சையேற்றுவான், இலையில் மடிப்பான். அதற்குமேல் அதில் அவன் கை படாது. இந்த இலையிலோ பருப்பு இல்லை. பிசுபிசுத்த தூள்தான் இருந்தது. மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போன்ற நிறம்.

“போங்க்ரெக்,” என்றார் ஒரு கிழவர்.

அதற்குமேல் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தேங்காய்ப் புண்ணாக்கில் செய்யும் அந்தத் தெம்பேயை அரசு தடைசெய்திருந்தது. ஏழை வீடுகள் அதை மறைவாகச் செய்துகொண்டுதான் இருந்தன. நஞ்சானால் அது மஞ்சளாகும்.

“எங்க வீட்டுல புண்ணாக்கு ஏது? சோயாவ விட்டா எங்களுக்கு வேறென்ன தெரியும்? பழைய இலை கேட்டாங்க, கட்டோட குடுத்தேன்.”

பழைய இலையை எல்லோரும்தான் கேட்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் பூஞ்சையோடு அதைப் புதிதாக வேகவைத்ததன்மேல் போர்த்தினால் அடுத்த தெம்பே விளையும். கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது அங்கே வழக்கமில்லை. கேட்டவரின் பெயரை ரசியெம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் மிஸ்னோவின் மனைவி கார்தெம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எண்ணெய் காய்ச்சின புண்ணாக்கு… தூக்கிப்போட மனசு வரல. வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்கே பத்தாதேன்னு நான் திங்கல.”

கமித் அவளை நோக்கித் திரும்பினான். மண்வெட்டியைக் கை மாற்றிக்கொண்டான். அவனுக்கு முன்பாகவே ஒரு கல் பறந்து அவள் தோளில் பட்டது, அடுத்தது நெற்றியில். தார்சோவைச் சுற்றி நின்றவர்கள் அனைவரும் இப்போது அவளைச் சுற்றி நின்றார்கள்.

தார்சோ தனியே கிடந்தான். இடக்கண் இருந்த இடத்தில் வீக்கம் மட்டும் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயில் இரத்தம் குமிழியிட்டது. சுகாதார நிலையம் வயல்களுக்கு அப்பால் இருந்தது.

“யாராச்சும் ஒரு பக்கம் பிடிங்க,” என்றாள் ரசியெம். எவரும் திரும்பவில்லை. “உசுரு இருக்கு. ஒரு பக்கம் பிடிங்கப்பா.”

அவள் எண்ணெயை ஊற்றினாள். கமித்துக்கும் கார்தெமுக்கும் இடையிலிருந்த தரையில்தான் ஊற்றினாள். கமித்தின் வலக்கால் அந்தத் தரையில் இருந்தது. அவன் அலறி விழுந்தான், மற்றவர்கள் பின்வாங்கினார்கள். ரசியெம் வெற்றுச் சட்டியை எறிந்துவிட்டு, கார்தெமின் தலைமயிரைப் பற்றி இழுத்துவந்து, தெம்பே விளையவைக்கும் ஆள்நீள மூங்கில் தட்டின் அருகே தள்ளினாள்.

“அழுதது போதும். அந்தப் பக்கம் பிடி.”

“என்னக் கொன்னுடுவாங்க, அக்கா.”

“நடந்துகிட்டே சாவு. அவரக் கீழ மட்டும் போட்டுடாத.”

தார்சோவைத் தட்டில் கிடத்தித் தூக்கினார்கள். ரசியெம் முன்னால் நடந்தாள். கார்தெமின் முதுகில் கற்கள் விழும் ஓசை அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு ஓசைக்கும் தட்டு அதிர்ந்தது, ஆனால் சாயவில்லை. வரப்பின் பாதியில் கற்கள் நின்றன. எறிந்தவர்களுக்கு அலுத்துவிட்டதா, தார்சோமேல் பட்டுவிடும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்ததா, தெரியவில்லை.

சுகாதார நிலையத்தில் தட்டை இறக்கியபின்னும் கார்தெமின் கைகள் திறக்கவில்லை. செவிலி விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள்.

தார்சோ பிழைப்பான் என்று மருத்துவர் மாலையில் சொன்னார், இடக்கண் பிழைக்காது. அப்போது கமித்தை இருவர் தாங்கி அழைத்துவந்தார்கள். வலக்கால் பாதம் தோலுரிந்து சிவந்திருந்தது. அங்கே ஒரு பெஞ்சுதான் இருந்தது, அதில் ரசியெமும் கார்தெமும் உட்கார்ந்திருந்தார்கள். கார்தெம் சற்று நகர்ந்து இடம் விட்டாள். கமித் நின்றுபார்த்தான், கால் தாங்கவில்லை, உட்கார்ந்தான். அவன் முறை வரும்வரை மூவரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள்.