ஆறாத தலையணை

அங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். வெளிநாட்டில், மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் இரவு வேலைக்காரன் அதே கட்டிலில் வந்து விழுவான். மூன்று வருடமாக நான் தலை வைத்த தலையணை ஒருநாள்கூட ஆறியிருந்ததில்லை.

என்னை அனுப்பியவன் அண்ணன். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். சம்பளம் சொற்பம்தான், ஆனால் சாயங்காலங்கள் என்னுடையவை. மொட்டைமாடியில் மல்லாந்து படுத்து, பனியும் கப்பல்களும் வரும் நாவல்களைப் படிப்பேன். அது அண்ணனின் கண்ணை உறுத்தியது. வீட்டுக்கு மாடி எடுக்கணும், நீ போ என்று நச்சரித்தான். நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேனே என்றேன்.

"நிம்மதிய பேங்க்ல போட முடியாதுடா" என்றான்.

போனேன். மாடி எழுந்தது. காற்று வரும் அறையில் அண்ணனும் அண்ணியும் குடியேறினார்கள். இடத்தை அடைக்கிறது என்று என் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டதை அவன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம். ஒப்பந்தம் முடியுமுன் ஊருக்குப் போகிறவன் தன் இடத்துக்கு ரத்த உறவில் ஒருவனைக் கொண்டுவர வேண்டும். சொந்தக்காரனைப் பொய் சொல்லி அழைத்துத் தவிக்கவிட எவனும் துணியமாட்டான், அதனால் பாதியில் யாரும் கிளம்பமாட்டார்கள் என்பது மேற்பார்வையாளரின் கணக்கு. தம்பியையோ மகனையோ கூப்பிட மனம் வராமல் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்கு மனம் வந்தது.

பொய் எதுவும் சொல்லவில்லை. புதுச்சட்டை போட்டு, இருந்த ஒரே வெள்ளைச் சுவர் தெரிய உட்கார்ந்து அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். சம்பளம் தேதி தவறாது, வாடகை கிடையாது, கரண்டு பில் கிடையாது, என் இடத்தை உனக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அண்ணிதான் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"தூங்க வசதியெல்லாம் எப்படி தம்பி?"

"படுத்ததும் தூக்கம் வந்துரும் அண்ணி."

அதுவும் உண்மைதான்.

அவன் அங்கே போய் இறங்கினான், நான் ஊர் திரும்பினேன். அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட, மாடியறைக்கு நான் ஏறினேன். கண்ணாடிக் கடையில் என் பழைய முக்காலி அப்படியே இருந்தது. பத்து நாளில் அண்ணன் போன் செய்தான்.

"தலையணை சூடா இருக்குடா. எவனோட வேர்வையோ. உனக்கு இது தெரியும்தானே?"

"தெரியும்ணே."

அவனுக்குப் பின்னால் சலவை இயந்திர உருளைகள் சுழலும் சத்தம் கேட்டது. ஒப்பந்தத்துக்கு நடுவில் வருவதற்கு என்ன வழி என்று கேட்டான். ரத்த உறவு வழக்கத்தை விளக்கிச் சொன்னேன்.

"யாரைடா நான் கூப்பிடுறது?"

"உனக்குன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான்ணே."

போனை வைத்துவிட்டுத் தலையணையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் ஜில்லென்று இருந்தது.