திருகாணி மட்டும் இரும்பு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இறால் குஞ்சுப் பண்ணையில் ஜெபசிங்தான் பம்பு மெக்கானிக். கடல்தண்ணீர் ஏற்றும் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பார்த்து எடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கடையில் எல்லாக் கிளாம்பும் பளபளவென்றுதான் இருக்கும். பட்டையை ஸ்டீலில் போட்டு, திருகாணியை மட்டும் இரும்பில் போட்டு, நம் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். உப்புக் காற்றில் அந்தத் திருகாணி இரண்டு மாதம் தாங்காது. அதனால் யார் வாங்கி வந்தாலும் ஜெபசிங் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் திருகாணியில் வைத்துப் பார்ப்பான். ஒட்டினால் இரும்பு, திருப்பி அனுப்பிவிடுவான்.

ஒரே ஒரு தடவைதான் வைக்கவில்லை. அன்றைக்கு வாங்கி வந்தவன் ஜோயல், மனைவி ஜாக்குலினின் தம்பி. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை ஸ்டோரில் சேர்த்துவிட்டதே ஜெபசிங்தான். பாரிமுனைக்குப் போய் முழு ஸ்டீலாகப் பார்த்து வாங்கி வா என்று அனுப்பியிருந்தான். நாலு பேர் நிற்கும்போது மச்சான் கொண்டுவந்த பொருளில் காந்தம் வைப்பதா? பெண் கொடுத்த வீட்டையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா?

"பாத்துதான வாங்கின, மச்சான்?"

"பாத்தேன் மாமா."

அவ்வளவுதான். ஜெபசிங் கிளாம்பை ஹோஸில் மாட்டிவிட்டான். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவன் சொந்தக்காரனிடம்தான் ஏமாறுவான்.

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, ஜெபசிங் சர்ச்சில் இருந்த நேரத்தில் திருகாணி முறிந்து ஹோஸ் கழன்றுகொண்டது. எட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் போகவில்லை. குஞ்சுகள் அத்தனையும் செத்துப்போயின.

மறுநாள் முதலாளி திருவேங்கடம் ஜெபசிங்கையும் ஜோயலையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் துருப்பிடித்த கிளாம்ப் கிடந்தது.

"இதை வாங்கச் சொன்னது யாரு?"

ஜோயல் முந்திக்கொண்டான். "மாமாதான் சார். கேளம்பாக்கத்துல கெடைக்கிறதே போதும்னாரு."

அடப்பாவி! பாரிமுனைப் பக்கமே அவன் போகவில்லை என்பது ஜெபசிங்குக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் ஜோயல் வேலை போகும். தம்பி என்றால் ஜாக்குலினுக்கு உயிர். அவள் முகத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"நாளையிலிருந்து வராத" என்றார் முதலாளி. பன்னிரண்டு வருஷத்து வேலை.

வெளியே வந்து மனைவிக்குப் போன் பண்ணினான். "ஜாக்கு, வேல போச்சு. அந்தக் கிளாம்பு..."

"தெரியும். வாங்கினு வந்த அன்னிக்கே தம்பி சொன்னான். கோவளத்துல பசங்களோட சுத்திகினு இருந்துட்டேன், மாமாகிட்ட சொல்லாதக்கான்னு அழுதான்."

ஐந்து வாரம். தினமும் டிபன் கட்டிக் கொடுத்து, பத்திரமா போய்ட்டு வா என்று அனுப்பினவள்.

"நான் இன்னா ஆவேன்னு நெனைச்சியா?"

"உனுக்குக் கைத்தொழில் கீது. எங்க போனாலும் பொழைச்சுக்குவ. அவனுக்கு யாரு கீறாங்க?"

போனைத் துண்டித்துவிட்டு ஜெபசிங் நேரே அறைக்குள் திரும்பினான். ஜோயல் இன்னும் அங்கேதான் நின்றிருந்தான்.

"சார், பாரிமுனைக்குப் போவாம இத்த வாங்கினது இவன்தான். என் வூட்டுக்காரிக்கும் தெரியும். நீங்களே கேளுங்க."

மறுபடி அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். முதலாளி போனருகே குனிந்தார்.

"இந்தக் கிளாம்ப் வாங்கினது பத்தி உனக்குத் தெரியுமாமே, உண்மையாம்மா?" என்று கேட்டார்.

"எனுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் ஜாக்குலின். "கிளாம்பெல்லாம் அவருதான் பாத்து எடுப்பாரு."